கணக்கு நோட்டு எங்கே?

லண்டனில் ரோஸ் அரங்கத்தை நடத்திய பிலிப் ஹென்ஸ்லோ 1592 தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் எழுதிவந்த வரவு செலவுப் புத்தகம் இன்றும் டல்விச் கல்லூரியில் பத்திரமாக இருக்கிறது. எந்த நாளில் எந்த நாடகம், வசூல் எவ்வளவு, எழுதிக் கொடுப்பவருக்கு முன்பணம் எவ்வளவு, உடுப்புக்கு என்ன செலவு என்று ஒரு மளிகைக்கடைக் கணக்கு மாதிரிதான் அது போகும். ஆனால் ஷேக்ஸ்பியர் காலத்து நாடகத் தொழிலைப் பற்றிப் பேச வருகிற எவரும் அதைத் தொடாமல் நகர முடியாது.

சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட நம்முடைய பாய்ஸ் கம்பெனிகளும் கணக்குப் பார்க்காமல் நடந்திருக்க முடியாது. சிறுவர்கள், வாத்தியார், பக்கவாத்தியக்காரர்கள், சமையல்காரர் என்று ஒரு பெருங்குடும்பம் கம்பெனி வீட்டில் தங்கிச் சாப்பிட்டது. ஓர் ஊரில் வசூல் இறங்கியதும் மூட்டை கட்டி அடுத்த ஊருக்குப் போனது. அரிசி, ரயில் கட்டணம், கொட்டகை வாடகை எல்லாவற்றையும் யாரோ ஒருவர் எழுதித்தான் ஆகவேண்டும். சீன் படுதாவும் உடுப்புப் பெட்டியும் அடுத்த ஊருக்கு அவசியம். போன வருடத்து நோட்டை யார் சுமப்பார்கள்? கம்பெனி கலைந்தபோதும் காகிதத்தைச் சொத்தாக யாரும் நினைக்கவில்லை.

எனவே நம் நாடக வரலாறு கணக்கிலிருந்து எழுதப்படாமல் நினைவிலிருந்து எழுதப்பட்டது. 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் ஆறு வயதுப் பையனாகச் சேர்ந்த தி. க. சண்முகம், 1972-இல் ‘எனது நாடக வாழ்க்கை’யை வெளியிட்டார். 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடகமேடை நினைவுகள்’ அதற்கு மூத்தது. இரண்டையும் நான் மறுபடி மறுபடி படிக்கிறேன். ஆனாலும் இவை வென்றவர்களின் புத்தகங்கள். பம்மல் வக்கீல், பின்னர் நீதிபதி. நாடகத்தால் சோறு தின்னவேண்டிய அவசியம் அவருக்கு இருந்ததில்லை. கம்பெனியை விட்டு இரவோடு இரவாக ஓடிப்போன பையன் எழுதிய புத்தகம் நம்மிடம் இல்லை.

விடாமல் எழுதிக்கொண்டிருந்தது ஒரே ஓர் இடம்: சர்க்கார். 1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டம் ஆட்சேபகரமான நாடகங்களைத் தடுக்க வந்தது. 1888-இல் சென்னை மாகாணம் பொது இடங்களுக்கு லைசென்ஸ் கேட்கும் சட்டம் கொண்டுவந்தது. இதனால் பிறந்த கோப்புகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடித்தான் தியடோர் பாஸ்கரன் 1981-இல் தேசிய இயக்கமும் நாடகமும் சினிமாவும் கலந்த கதையை ஆங்கிலத்தில் எழுதினார். தடை செய்யப்பட்ட வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’, தி. க. சண்முகம் சகோதரர்களிடம் ‘தேசபக்தி’ என்று பெயர் மாறி மேடையேறியது போன்ற வேடிக்கைகள் இந்தக் கோப்புகளுக்கு வெளியே நிகழ்ந்தவை. போலீஸுக்குச் சந்தேகம் வந்தால்தான் பேனா அசையும். ‘வள்ளி திருமணம்’ ஆயிரம் இரவு நடந்தாலும் கோப்பு பிறக்காது; அதே வள்ளியில் நடிகர் விஸ்வநாத தாஸ் வெள்ளைக் கொக்கைப் பாடி வெள்ளைக்காரனைச் சாடினால் பிறக்கும்.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தக் கண்காணிப்பு தொடர்ந்தது. 1954-இல் நம் அரசே ஒரு நாடகச் சட்டம் போட்டது. நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்கும் வழக்கம் சென்னையில் நெடுங்காலம் இருந்தது. பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி வழக்குத் தொடுத்ததில், 2013-இல் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை ஆக்கியது. சட்டம் தொலைந்தது நல்லதே. ஆனால் நவீன நாடகக் குழுக்களின் பிரதிகளைக் கட்டாயமாக வாங்கி வைத்த ஒரே அலுவலகமும் அதோடு போயிற்று என்பதை ஒரு காப்பகப் பித்தன் கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொல்லவேண்டியிருக்கிறது.

இனி திருவள்ளூர்ப் பக்கம். இங்கே தேடல் இன்னும் சிக்கல். இந்த மாவட்டமே 1997-இல்தான் பிறந்தது. அதற்கு முந்தைய காகிதம் செங்கல்பட்டின் பெயரில் இருக்கும். திருத்தணியும் பள்ளிப்பட்டும் 1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம். ஆக, ஓர் ஊரின் கொட்டகை லைசென்ஸைத் தேட இரண்டு மாநிலங்களின் அலமாரிகளைத் திறக்கவேண்டும். எல்லைக்கு அப்பால் கடப்பை மாவட்டத்துச் சுரபி கிராமத்தில் 1885-இல் தொடங்கிய தெலுங்கு நாடகக் குடும்பம் தலைமுறைகளாகப் பல கம்பெனிகளாகக் கிளைத்து வாழ்ந்தது. அவர்களுக்கு வம்சமே ஆவணம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் நாடகம் என்றால் பெரும்பாலும் கூத்துதான். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம், படுகளம், தீமிதி. இவ்வகைக் கூத்தை ஆல்ஃப் ஹில்டெபைட்டலும் ஹன்னே டி ப்ரூயினும் நூலாக்கியிருக்கிறார்கள். பக்கத்துக் காஞ்சிபுரத்தில் பெ. ராஜகோபாலும் ஹன்னேயும் முன்னின்று நடத்திய கட்டைக்கூத்துச் சங்கம் 1990-இல் தொடங்கியது; அதன் குருகுலத்தில் 2002 முதல் 2020 வரை பிள்ளைகள் தங்கிப் படித்துக்கொண்டே கூத்துப் பயின்றார்கள். பாய்ஸ் கம்பெனியின் கடைசி மறுபிறவி என்று அதைச் சொல்வேன். பெண்பிள்ளைகளும் ஆடியது மட்டும் பழைய கம்பெனிகள் அறியாதது. கூத்தைப் பற்றிய ஆய்வுகளில் பாட்டும் சடங்கும் வேடமும் நிறைய. முன்பணமும் சம்பளப் பங்கும் எழுதிய கூத்து வாத்தியாரின் டைரிக்கு அந்த மரியாதை இன்னும் கிடைக்கவில்லை. எனக்குப் பத்து மணிநேர வீடியோவைவிட அந்த டைரி பெரிது. எந்த ஊர், எத்தனை இரவு, மழையால் எது நின்றது, யாருக்கு எவ்வளவு என்பது அதில்தான் இருக்கும்.

அடுத்தபடி நோட்டீஸ். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பிறர் குப்பை என்று ஒதுக்கியதையும் சேர்த்தவர். அவருடைய சேகரம் 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால் சென்னையில் நூலகமாக நிற்கிறது. நாடக நோட்டீஸில் தேதியும் கிழமையும் இருக்கும், வருடம் பல சமயம் இருக்காது. ஒரு தேதிக்கு அதே கிழமை திரும்பி வர ஐந்து, ஆறு அல்லது பதினோரு ஆண்டாகும். அதை வைத்துச் சாத்தியமான வருடங்களை ஒரு சிலவாகக் குறுக்கலாம். அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கும். அச்சிட்டவர் பெயரும் ஊரும் போடவேண்டும் என்று 1867-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன புண்ணியம். அந்த அச்சகம் இருந்த காலம் தெரிந்தால் வருடம் பிடிபடும்.

பொன்னேரியிலோ ஊத்துக்கோட்டையிலோ கும்மிடிப்பூண்டியிலோ இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. போகிக்கு முந்தின நாள் பரணிலிருந்து இறங்கும் டிரங்குப் பெட்டியில் கூத்து நோட்டீஸோ வாத்தியாரின் டைரியோ கிடந்தால் நெருப்பில் போடாதீர்கள். வீட்டில் பெரியவர்களைக் கேட்டு ஊரையும் வருடத்தையும் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மறுபக்கம் ஊறிவிடும்.