ஆறப்போட்ட பிரதியும் அழிக்கப்பட்ட குற்றமும்

நாவல் எழுதி முடித்ததும் கைப்பிரதியைக் கொஞ்ச காலம் பரணில் போட்டு வை, பிறகு எடுத்துப் படித்தால் பிழை தானாகக் கண்ணில் படும் என்று மூத்த எழுத்தாளர்கள் சொல்வதுண்டு. யோசனை சரிதான். ஆனால் அதற்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: காலம் கடந்து திரும்பி வருகிற கை, முதலில் எழுதிய கையைவிட நேர்மையானது என்பது. அப்படியா?

2025இல் மறைந்த கூகி வா தியாங்கோவை எடுத்துக்கொள்வோம். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அவர் எழுதிய 'எ கிரெய்ன் ஆஃப் வீட்' நாவல் 1967இல் வெளியானது. அச்சேறிய அந்த நூலையே ஒரு வரைவாகப் பாவித்து, 1986இல் திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தார். நடுவில் 19 ஆண்டுகள். கமிரீத்து கிராம மக்களோடு சேர்ந்து நாடகம் போட்டது, 1977 கடைசி நாளில் கைது, விசாரணையில்லாச் சிறை, அங்கே கழிவறைத் தாளில் கிக்குயு மொழியில் எழுதிய நாவல் (தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்'), 1982 முதல் நாடுகடந்த வாழ்வு. திரும்பி வந்து பேனாவை எடுத்தவர் வேறு ஆள்.

அவர் செய்த திருத்தங்களில் இரண்டைப் பார்ப்போம். 'கட்சி' என்றிருந்தது 'இயக்கம்' என்றானது. இதில் எனக்கு உடன்பாடே. சுதந்திரத்துக்குப் பின் கட்சி என்றால் ஆளுங்கட்சி என்றாகிவிட்டது. காட்டிலிருந்து போராடியவர்களை அந்தச் சொல்லிடமிருந்து மீட்க வேண்டியிருந்தது. சொல்லின் பொருளைக் காலம் கெடுத்துவிட்டால் சொல்லை மாற்றத்தான் வேண்டும்.

இரண்டாவதுதான் நெருடுகிறது. முதல் பதிப்பில் டாக்டர் லிண்ட் என்கிற வெள்ளைக்காரப் பெண் வன்புணர்வுக்கு ஆளாகிறாள். அதில் போராளி ஒருவனுக்குப் பங்குண்டு. திருத்திய பதிப்பில் அவளது நாய் வெட்டிக் கொல்லப்படுவதோடு சரி.

மாவ் மாவ் என்றாலே காட்டுமிராண்டிகள் என்ற காலனியச் சொல்லாடலுக்கு அந்தக் காட்சி தீனி போட்டது என்று வாதிடலாம். லேசில் தள்ளிவிட முடியாத வாதம். ஆனால் இந்த நாவலின் மையம் எது? கிஹிகாவைக் காட்டிக்கொடுத்த மூகோ, ஊரே தன்னை வீரன் என்று நம்பிக் கொண்டாடும் சுதந்திர நாளில், கூட்டத்தின் முன் நின்று அதை ஒப்புக்கொள்வதுதானே? குற்றத்தைச் சொல்லித்தான் விடுதலை தொடங்க முடியும்ங்கிற பிரதி, போராளிகளின் குற்றம் ஒன்றை மட்டும் சத்தமில்லாமல் அழிக்கலாமா? முதல் பதிப்பிலும் லிண்ட் வெறும் குறியீடாகத்தான் நிற்கிறாள், ஒத்துக்கொள்கிறேன். அவளை இன்னும் முழு மனுஷியாக எழுதியிருந்தால் அது திருத்தம். காட்சியையே எடுத்துவிட்டது துடைப்பு.

இயக்க அனுபவத்தை நாவலாக எழுதிப் பெட்டியில் வைத்திருக்கும் தோழர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். எழுதிய நாளில் உங்களுக்குக் கோபம் இருந்தது. திரும்பி எடுக்கும் நாளில் பொறுப்பு வந்திருக்கும்; இயக்கத்தின் மானத்தைக் காக்கிற பொறுப்பு. அப்போது பேனா எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று பாருங்கள். வாக்கியம் தொங்குதேன்னு அடிக்கிறோமா, அவங்க என்ன நினைப்பாங்களோன்னு அடிக்கிறோமா?

கூகியின் 1967 பதிப்பு அச்சில் இருந்ததால்தான் இன்று நாம் இந்தக் கேள்வியைக் கேட்க முடிகிறது. பரணில் கிடக்கும் கைப்பிரதிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒருமுறை அடித்தால் அடித்ததுதான்.