வூஹூ தீவின் விளையாட்டு

2009-ஆம் ஆண்டில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்தார் வெளியிட்ட ‘வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட்’ என்னும் வீடியோ விளையாட்டில், வூஹூ என்ற கற்பனைத் தீவையே களமாகக் கொண்டு, வாள்வீச்சு, வில்வித்தை, படகு வலித்தல் முதலான 12 விளையாட்டுகளை அமைத்திருக்கிற நேர்த்தி மிகவும் ரசிக்கத்தக்கது. ஆடுபவர் பிடித்திருக்கும் கைக்கருவியின் அடியில் பொருத்தும் ‘மோஷன்பிளஸ்’ என்ற சிறு சாதனத்திலுள்ள சுழற்சியுணர்வி, மணிக்கட்டின் சூக்ஷ்மமான திருப்பத்தையும் உடனே கிரகித்துக்கொள்வதால், கடற்கரை மணலில் நாய்க்கு எறியும் வட்டுகூடக் கை சாய்ந்த பக்கமாகவே வளைந்து செல்கிறது. பொத்தான்களின் சாஸ்திரத்தைப் பயிலாத பாட்டியும், பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பேரனும், கையை வீசும் இயல்பு ஒன்றையே மூலதனமாகக் கொண்டு, ஒரே கூடத்தில் சம அந்தஸ்துடன் போட்டியிட முடிகிறதே, அதுதான் இந்தக் கலையின் பரம பிரயோஜனம். வயதின் பேதம் பாராட்டாமல் குடும்பத்தார் அனைவரையும் எழுந்து நின்று ஆனந்திக்கச் செய்த அந்தச் சிற்பிகள் நம் நன்றிக்கு உரியவர்கள்.