வேகாத மணம்

கெமாஸ் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவருக்கு, பீரில் ஹாப்ஸ் பூவை ஊறப்போடுவதை விளக்கப் போனால் கள்ளிலிருந்துதான் தொடங்க வேண்டும். சீவிய தென்னம்பாளையிலிருந்து சொட்டும் சாறு, கட்டிய கலயத்திலேயே நொதிக்க ஆரம்பிக்கிறது. காலையில் இனிக்கும் கள்ளு மாலையில் புளிக்கும், மறுநாள் காடியாகப் பார்க்கும். இதைக் கொஞ்சம் தாமதப்படுத்தப் பட்டை போடுகிறவர்கள் உண்டு. பிலிப்பைன்ஸில் கண்டல் மரப்பட்டை ஊறிய கள்ளு செம்மண் நிறத்தில் துவர்க்கும். சபாவில் பஹார் என்ற தென்னங்கள்ளிலும் பட்டைதான் அந்த வேலையைச் செய்கிறது.

கள்ளுக்குப் பட்டை, பீருக்கு ஹாப்ஸ். குளிர்நாட்டுக் கொடியின் பெண்பூ அது. இதழ்களின் அடியில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பொடியில்தான் எல்லாமே. பீராகப் போகும் கொதிக்கும் கஷாயத்தில் போட்டால் கசப்பு இறங்கும், மணத்தைத் தரும் எண்ணெய்கள் ஆவியோடு போய்விடும். அதனால், பீர் நொதித்து அடங்கிய பிறகு, அடுப்புப் பக்கமே போகாமல் இன்னொரு பங்கைப் போடுகிறார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவுக்குக் கப்பலேறிய ஆங்கிலேயப் பீர்ப் பீப்பாய்களிலும் பூவை இப்படித்தான் திணித்தார்கள்.

வீட்டில் காய்ச்சுகிறவருக்கு வாய்த்தது எஃகுச் சல்லடைக் குழாய். ஒரு சாண் உயரம், திருகுமூடி, கண்ணுக்குத் தெரிகிற அளவில் நுண்ணிய துளைகள். ஹாப்ஸ் இப்போது பெரும்பாலும் கோழித்தீவனம் போன்ற பச்சை உருளைகளாகத்தான் வருகிறது. நனைந்ததும் அது உப்பிவிடும், அதனால் குழாயைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. இறுக நிரப்பினால் நடுவில் ஒரு கட்டி காய்ந்தபடியே கிடக்கும், காசு வீண். வெறுங்குழாயையும் இரண்டு கண்ணாடிக் கோலிகளையும் முதலில் கொதிநீரில் முக்கியெடுத்து, மிதக்காமலிருக்கக் கோலிகளை ஹாப்ஸோடு உள்ளே போட்டு, மேலே ஒரு மீன்தூண்டில் நரம்பைக் கட்டி இறக்குவார்கள். 20 லிட்டருக்கு 50 கிராம் போட்டாலே மூக்கு திரும்பும். 100 கிராம் ஆசைக்காரர்களுக்கு.

குழாய் மணத்தில் கொஞ்சத்தைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்ளும், மறுப்பதற்கில்லை. பூவை அப்படியே கொட்டினால் வாசனை கூடுதலாக இறங்கும். இருந்தும் என் ஓட்டு குழாய்க்குத்தான், ஏனென்றால் இந்தக் கலையில் போடுவதைவிட எடுப்பது கடினம். மூன்று நாள், மிஞ்சினால் நான்கு. அதற்கு மேல் விட்டால் வெட்டிய லாலான் புல்லின் பச்சை வாடை ஏறும். கெமாஸ் வெயிலில் அது இன்னும் சீக்கிரம் வரும், பழைய குளிர்பெட்டி ஒன்றில் 18 பாகைக்குள் வைத்தால் நல்லது. நரம்பைப் பிடித்துக் குழாயை இழுத்தவுடன் பீர்ப் பாத்திரத்தை மூடிவிட வேண்டும். காற்றுப் பட்ட பீரில் மணம் மங்கி, நனைந்த அட்டைப்பெட்டியின் வாடைதான் மிஞ்சும்.

சிட்ரா என்ற ஹாப்ஸ் வகை போட்டுச் சரியாக வந்த பீரில் எலுமிச்சைத் தோல், மாம்பழம், லைச்சி மூன்றும் வரிசையாக மூக்கில் வரும், நாக்கில் கசப்பு பெரிதாகக் கூடியிருக்காது. ஒரு மாதத்துக்குள் குடித்துவிட வேண்டும். பத்திரப்படுத்தி வைக்கிற சரக்கில்லை இது.