ஒரே நஞ்சு, இரண்டு விடைகள்

பூச்சிமருந்து குடித்து வந்தவர் முதல் நாள் கண்டத்தைத் தாண்டிவிட்டார். அட்ரோபின் ஏற்றியதும் வாயில் வழிந்த எச்சில் நின்றது, நெஞ்சின் இரைச்சல் அடங்கியது. கண் திறந்து மனைவியோடு பேசுகிறார். வீட்டார் ஊருக்குத் திரும்பும் நாளை எண்ணத் தொடங்குகிறார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறார்: “தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்குங்க, பார்ப்போம்.” தலை எழவில்லை. கழுத்துத் தசை தளர்ந்துவிட்டது. அடுத்துத் தளரப்போவது மூச்சுத் தசை. தொண்டைக்குள் குழாய் போட்டு வென்டிலேட்டரில் சேர்க்க அதிக நேரம் இல்லை.

இந்த இரண்டாம் தாக்குதலை முதலில் எழுதிவைத்தவர்கள் புணே மருத்துவர்கள். ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்தை உண்ட 200 பேரைக் கவனித்து வாடியாவும் சகாக்களும் 1974-ல் வெளியிட்ட கட்டுரையில், உடனே தோன்றும் குறிகளை முதல் வகை என்றும், தாமதமாக வரும் தசைத் தளர்ச்சியை இரண்டாம் வகை என்றும் பிரித்தார்கள். பதின்மூன்று ஆண்டு கழித்து, 1987-ல், இலங்கையின் பேராதனையிலிருந்து நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் பத்தே நோயாளிகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். முன்னவர் நரம்பியல் மருத்துவர், பின்னவர் மயக்கவியலாளர். நஞ்சு உண்ட 24 முதல் 96 மணி நேரத்துக்குள் வரும் இந்தத் தளர்ச்சியைத் தனி நோய்க்கூறாகப் பிரித்து, இடைநிலை நோய்க்கூறு என்று பெயரிட்டார்கள். இன்று உலகப் பாடநூல்களில் நிற்பது அந்தப் பெயர்தான்.

எண்ணிக்கையில் இந்தியக் கட்டுரை இருபது மடங்கு பெரியது. ஆனாலும் இலங்கைக் கட்டுரைதான் வார்டின் நடைமுறையை மாற்றியது. அதில் மயக்கவியலாளரின் கை இருந்தது ஒரு காரணம் என்பது என் எண்ணம். அறுவை அரங்கில் தசைதளர்த்தி மருந்து கொடுத்துவிட்டு, நோயாளியின் தசை மீள்கிறதா என்று தலையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. அதே கண்ணோடு நச்சு வார்டைப் பார்த்தபோது, பத்துப் பேரிடமே அது துலங்கியது.

இரண்டு நாடுகளிலும் ஒரே நஞ்சு. குடிப்பவர்களும் பெரும்பாலும் வயலை நம்பி வாழ்பவர்கள். ஆனால் ஆய்வு செய்யும் விதம் வேறு. அதைக் காட்ட பிராலிடாக்சைம் என்ற மருந்தின் கதையே போதும். வார்டில் அதை பி.ஏ.எம். என்பார்கள். நஞ்சு முடக்கிவைத்த நொதியை விடுவிக்கும் மாற்று மருந்து அது. உண்மையில் அது உயிரைக் காக்கிறதா என்பதுதான் கேள்வி.

இலங்கையில் இந்தக் கேள்வி ஒரு தட்டுப்பாட்டில் பிறந்தது. சில மாதங்கள் பேராதனையில் பி.ஏ.எம். கையிருப்பில் இல்லை. அந்தக் காலத்தில் வந்தவர்களுக்கு அட்ரோபின் மட்டுமே கிடைத்தது. மருந்து திரும்பக் கிடைத்த பிறகு, இரு காலத்து நோயாளிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரிய வேறுபாடு தெரியவில்லை. 1992-ல் அது அச்சேறியது. குலுக்கல் இல்லாத சிறிய ஒப்பீடுதான். ஆனால் இல்லாமையைக்கூட ஆய்வாக்கிய அந்த மனம் எனக்கு மிகப் பிடிக்கிறது.

இந்தியாவில் அதே கேள்வியை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி எடுத்துக்கொண்டது. 1996, 1997 ஆண்டுகளில் வெளியான இரண்டு சோதனைகளில் முறையே 72 பேர், 110 பேர். மருந்து கூடுதலாகப் பெற்றவர்கள் நன்றாகத் தேறவில்லை. மோசமானார்களோ என்ற ஐயமே எழுந்தது. அளவு போதவில்லை, தொடக்கத்தில் பெரிய டோஸ் தரவில்லை என்று வெளியே விமர்சனம் வந்தது. பின்னர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் ஒரு தனியார் மருத்துவமனை அந்த விமர்சனத்துக்குப் பதில் சொல்வதுபோல ஒரு சோதனை நடத்தி, 2006-ல் வெளியிட்டது. 200 பேருக்கும் முதலில் 2 கிராம். பிறகு பாதிப் பேருக்கு மணிக்கு 1 கிராம் வீதம் 48 மணி நேரம் இடைவிடாமல் ஏற்றினார்கள். மீதிப் பேருக்கு நாலு மணிக்கு ஒருமுறை 1 கிராம். இடைவிடாமல் பெற்றவர்களில் இறந்தவர்கள் 1 விழுக்காடு, மற்றவர்களில் 8. மருந்து வேலை செய்கிறது என்று உலகமே மகிழ்ந்தது.

மூன்றாண்டு கழித்து இலங்கையின் அனுராதபுரத்திலிருந்தும் பொலன்னறுவையிலிருந்தும் வந்த விடை நேர் எதிர். அங்கே 235 பேர். ஒரு சாராருக்கு பி.ஏ.எம்., மறு சாராருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாது. மருந்து பெற்றவர்களில் 24.8 விழுக்காட்டினர் இறந்தார்கள், உப்புநீர் பெற்றவர்களில் 15.8. நொதி மீண்டதை இரத்தப் பரிசோதனை காட்டியது. ஆனாலும் உயிர் மீளவில்லை. திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டாமல் நின்ற சோதனை என்பதால், மருந்து கொன்றது என்று சொல்லிவிட முடியாது. காத்தது என்று சொல்லவும் அதில் ஆதாரம் இல்லை.

எது சரி? இந்தக் கேள்வியோடு நிற்பவர்கள் படுக்கையைப் பார்க்கத் தவறுகிறார்கள். பாராமதியில் சேர்க்கப்பட்டவர்கள் நஞ்சு உண்டு சில மணி நேரத்துக்குள் வந்தவர்கள், பாதிப்பு நடுத்தரமானது, எல்லோருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இடம் இருந்தது. இலங்கையில் கிராமத்து அரசு மருத்துவமனைக்கு வருபவரை ஆம்புலன்ஸில் ஏற்றி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். காசு கேட்பதில்லை. ஆகவே ஏழையும் வருகிறார், நினைவு தப்பியவரும் வருகிறார், பிழைக்க மாட்டார் என்று தோன்றுபவரும் வருகிறார். தீவிர சிகிச்சைப் படுக்கைகள் குறைவு, பலர் பொது வார்டிலேயே கிடக்கிறார்கள். இந்தியாவிலோ மருத்துவமனை வாசலிலேயே ஒரு சல்லடை இருக்கிறது: ஆய்வாளர் எதையும் வடிகட்டத் தேவையில்லை, தூரமும் கட்டணமும் அதைச் செய்துவிடும். ஒரு சோதனையின் விடையில் பாதி, அந்தப் படுக்கைக்கு யார் வந்து சேர்ந்தார் என்பதில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் நாடு தாண்டிக் கொண்டுபோவது நோயாளிக்குச் செய்யும் அநீதி.

இலங்கையின் பெரிய சோதனைகள் வெளிநாட்டுப் பணத்தில், ஆக்ஸ்ஃபோர்டு, ஆஸ்திரேலியா ஆய்வாளர்களின் கூட்டில் நடந்தவை. நஞ்சை உறிஞ்சக் கொடுக்கும் செயலூட்டிய கரி பற்றிய சோதனையில் மட்டும் மூன்று அரசு மருத்துவமனைகளில் 4,632 பேர் சேர்க்கப்பட்டார்கள். 2008-ல் வந்த விடை: கரியால் இறப்பு குறையவில்லை. இன்டர்ன்ஷிப்புக்குக் காத்திருக்கும் இளம் மருத்துவர்களை ஆய்வு உதவியாளர்களாக எடுத்து, இரவும் பகலும் வார்டிலேயே நிறுத்தியதால்தான் இப்படிப்பட்ட ஆய்வுகள் சாத்தியமாயின. இந்தியாவில் ஒவ்வோர் எம்.டி. மாணவரும் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். மூன்றாண்டுப் படிப்புக்குள் ஒரே வார்டில் முடிகிற வேலை என்பதால் ஐம்பது, அறுபது நோயாளிகளோடு நின்றுவிடுகிறது. மயக்கவியல் துறை ஒவ்வொன்றிலும் இப்படி அலமாரி நிறைய ஏடுகள். கேள்விகள் நல்லவை, ஒன்றோடொன்று சேராததால் விடையாகவில்லை.

சட்டமும் படுக்கைவரை வருகிறது. இலங்கை 1998-லேயே தற்கொலை முயற்சியைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இந்தியாவில் அதைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவு அதன்பின்னும் நெடுங்காலம் இருந்தது. 2017-ன் மனநலச் சட்டம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2024-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. ஆனால் கேஷுவாலிட்டியில் எம்.எல்.சி. (மருத்துவ-சட்ட வழக்கு) பதிவு, போலீஸுக்குத் தகவல் என்ற பழக்கம் தொடர்கிறது. “வயலுக்கு அடிக்கும்போது காற்றில் பட்டுவிட்டது” என்று உறவினர் சொல்வது அந்த அச்சத்தில்தான். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்பதே பொய்யாகும் இடத்தில், நஞ்சு பற்றிய ஆய்வு எப்படித் தேறும்?

சம்மதமும் இங்கேதான் சிக்கலாகிறது. நினைவற்றவருக்காகக் கையெழுத்திடுவது அண்ணனோ மாமியாரோ. இந்தியா 2013-ல், உச்ச நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின், மருந்துச் சோதனைகளில் சம்மதம் பெறுவதை வீடியோவில் பதிய உத்தரவிட்டது. 2015-ல் அதைச் சில வகைச் சோதனைகளுக்கு மட்டும் என்று குறுக்கியது. நோக்கம் நியாயமானது, முந்தைய மீறல்கள் அதை வேண்டவைத்தன. இருந்தும், ஒரு மகன் சாகக் கிடக்கையில் தாயின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவதைப் பாதுகாப்பு என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை. மருத்துவர் அரை மணி உட்கார்ந்து அவள் மொழியில் பேசுவது அதைவிடப் பெரிய பாதுகாப்பு.

ஆய்வின் விடை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதில் இலங்கைக்கே என் மரியாதை. ஒரே வகுப்பு என்று கருதப்பட்ட பூச்சிமருந்துகளில் இறப்பு பெரிதும் மாறுபடுவதை 802 நோயாளிகளைத் தொடர்ந்த ஓர் ஆய்வு 2005-ல் காட்டியது. சில ஆண்டுகளில் டைமெத்தோயேட்டும் பென்தியானும் பாராக்குவாட்டும் படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. அதற்கு முன்பே, 1995-ல், மோனோகுரோட்டபாஸ் போன்றவை நிறுத்தப்பட்டிருந்தன. அவ்வாண்டு இலட்சத்துக்கு 47 ஆக இருந்த தற்கொலை விகிதம் 2005-க்குள் பாதியானது. இந்தியாவில் 2013-ல் பீகாரில் பள்ளி மதிய உணவில் கலந்த மோனோகுரோட்டபாஸால் 23 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பரவலான வடிவத்தைத் தடுக்கும் ஆணை வந்தது 2023-ல்.

இப்போது ஒரு நல்ல திருப்பம். கொழும்பில் வளர்த்தெடுத்த தீவிர சிகிச்சைப் பதிவேட்டு முறையைத் தழுவி, சென்னையை மையமாகக் கொண்டு 2019-ல் இந்தியப் பதிவேடு ஒன்று தொடங்கியது. யார் சேர்ந்தார், எந்த நிலையில், வென்டிலேட்டர் எத்தனை நாள், என்ன ஆனார் என்று ஒவ்வொரு படுக்கையையும் ஒரே படிவத்தில் எழுதுகிறார்கள். சிறிய நாட்டிலிருந்து பெரிய நாட்டுக்கு முறை போனது. உலகளாவிய சோதனைகளில் இந்திய மருத்துவமனைகள் சேரவும் அது வழி திறந்தது.

அந்தப் படிவத்தில் பி.ஏ.எம். கேள்வியை இரு நாடும் சேர்ந்து மீண்டும் கேட்கலாம் என்பதே என் வேண்டுகோள். நஞ்சின் வேதிவகை அறியாமல் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டது பழைய சோதனைகள் பலவற்றின் பெருங்குறை: டைஎத்தில் வகையில் நொதியை மீட்க நாள்கணக்கில் அவகாசம் உண்டு, டைமெத்தில் வகையில் சில மணி நேரமே. வந்தவுடன் இரத்தம் எடுத்து வகையைப் பிரித்து, பாராமதியின் டோஸை, அனுராதபுரத்தின் கதவு திறந்த வார்டில் கொடுத்துப் பார்க்க வேண்டும். தஞ்சாவூர், மதுரை, யாழ்ப்பாணம், வவுனியா அரசு மருத்துவமனைகள் சேர்ந்தால் நோயாளிகளுக்கும் குறைவிருக்காது, சம்மதம் கேட்க மொழியும் ஒன்று.