ஏழெழுத்தும் ஒரே இழுப்பில்

மேக் கணினியில் ஸாப்ஃபினோ எழுத்துருவைத் தேர்ந்துகொண்டு, அதன் பெயரையே ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். இசட், ஏ, பி, எஃப் என்று வரிசையாக வந்துகொண்டிருக்கும். கடைசி ஓ விழுந்த கணம், ஏழெழுத்தும் கைகோத்து ஒரே சித்திரமாகிவிடும். ஓர் அழிப்பு அழித்தால் கலைந்துபோகும். வேலையைப் போட்டுவிட்டு நான் இதைப் பத்துத் தடவையாவது செய்து பார்த்திருப்பேன்.

அந்தச் சின்ன எஃப்பைப் பாருங்கள். உச்சியில் வலப்புறம் லேசாகக் கவிழ்ந்து, சரிந்து இறங்கி, வரிக்கு வெகு கீழே இடப்புறமாக ஓடி மெலிகிறது. எழுத்துகளின் உடம்பு மிகச் சிறியது. கொம்பும் காலும்தான் நீளம். அதனால்தான் வரிக்கும் வரிக்கும் நடுவே அவ்வளவு வெளி கேட்கிறது. கேட்கட்டும், கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இந்த வெளியை அந்தக் கால ஈய அச்செழுத்து கொடுக்கவில்லை. ஸாப்ஃபினோவை வடிவமைத்த ஜெர்மானியரான ஹெர்மன் ஸாஃப், இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்கு நிலப்படம் வரைந்தவர். பூதக்கண்ணாடி இல்லாமலே ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் எழுதக்கூடிய கை. 1944இல் அவருடைய குறிப்பேட்டில் ஒரு பக்கம் நிறைய எழுதிப் பார்த்த கையெழுத்துதான் ஸாப்ஃபினோவின் விதை. போருக்குப் பின் அதை அச்செழுத்தாக்க நினைத்தார். ஆனால் ஈய எழுத்து ஒவ்வொன்றும் ஒரு கட்டை. கட்டைக்கு வெளியே நீளும் வால் ஒடியும். பக்கத்துக் கட்டைமேல் இடிக்கும். பேனா போன இடத்துக்கெல்லாம் ஈயம் போகாது. கணினி வந்து, 1998இல் லினோடைப் நிறுவனம் வெளியிட்டபோதுதான் அந்தக் கோடுகளுக்கு விடுதலை. ஐம்பத்து நாலு வருஷம்!

கையால் எழுதுகிறவர் ஒரே எழுத்தை இரண்டு தடவை ஒரே மாதிரி எழுதுவதில்லை. ஸாஃப் இதை மறக்கவில்லை. ஓர் எழுத்துக்கே பல வடிவம் வைத்திருக்கிறார். அக்கம்பக்கத்து எழுத்தைப் பார்த்து ஒன்று தானே மாறி வந்து உட்காரும். நீண்ட வால் வேண்டுமென்றால் அதற்கும் தனி உரு உண்டு.

அழைப்பிதழில் இரண்டு பெயர், நற்சான்றிதழில் ஒரு பெயர், மதுப்புட்டியின் மேல் ஒரு சொல். இதற்கெல்லாம் இதைவிட நல்ல எழுத்து கிடைப்பது கடினம். பத்தி பத்தியாக அடித்தால் கண் வலிக்கும். அதைவிடக் கொடுமை, முழுப் பெயரையும் பெரிய எழுத்திலேயே அடிப்பது. அலங்காரம் மிகுந்த முதலெழுத்துகள் ஒன்றன் காலை ஒன்று மிதித்துக்கொண்டு நிற்கும். என்னிடம் அப்படி ஒரு கல்யாணப் பத்திரிகை இருக்கிறது. மாப்பிள்ளை பெயரை மூன்று முறை படித்தும் பிடிபடாமல், கடைசியில் மண்டப வாசலில் இருந்த பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.