எல்லைக்கு இந்தப் பக்கம்: ஜாக் கோல்ட்ஸ்மித்தை வாசித்தல்

அமெரிக்க நீதித்துறைக்குள் ‘ஆஃபீஸ் ஆஃப் லீகல் கவுன்சல்’ என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. ஜனாதிபதி செய்ய நினைக்கும் காரியம் சட்டப்படி சரியா என்று சொல்வது அதன் வேலை. வெளியே அதிகம் பேசப்படாத இடம். ஆனால் அங்கிருந்து ‘செய்யலாம்’ என்று ஒரு குறிப்பாணை வந்துவிட்டால், நிர்வாகம் முழுவதும் அதைச் சட்டமாகவே எடுத்துக்கொள்ளும். 2003 அக்டோபரில் அதன் தலைமைக்கு வந்தவர் ஜாக் கோல்ட்ஸ்மித் என்கிற சட்டப் பேராசிரியர். வந்த கொஞ்ச நாளிலேயே அவர் மேசைக்கு ஒரு ரகசியத் திட்டம் வருகிறது. பெயர் ஸ்டெல்லர் விண்ட். 2001 அக்டோபரிலிருந்து நீதிமன்ற ஆணை இல்லாமலே தொலைபேசி, மின்னஞ்சல்களை என்.எஸ்.ஏ. சேகரித்துக்கொண்டிருந்த திட்டம். இது சட்டப்படி நிற்குமா என்று பார்க்க அவர் பழைய ஒட்டுக்கேட்பு வழக்குகளைத் தேடிப் படிக்கிறார். அப்படிப் படித்தவற்றில் ஒன்று, 1967ஆம் ஆண்டின் சிறிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: ‘ஓபிரையன் எதிர் அமெரிக்கா’. ஒரு கூட்டாளியின் வியாபார இடத்தில் எஃப்.பி.ஐ. ரகசியமாக மைக் வைத்திருந்தது, அதில் ஓபிரையனின் பேச்சும் விழுந்திருந்தது. இது பிறகு வெளிவந்ததால் அவருடைய தண்டனையை ரத்து செய்து புதிய விசாரணைக்கு அனுப்பியிருந்தார்கள்.

அந்த ஓபிரையன், கோல்ட்ஸ்மித்தின் வளர்ப்பு அப்பா.

இதையே ஒரு சினிமாவில் வைத்திருந்தால் ‘கொஞ்சம் ஓவர்’ என்று நாமே சொல்லியிருப்போம். 2019இல் வெளிவந்த ‘இன் ஹாஃபாஸ் ஷேடோ’ புத்தகத்தில் கோல்ட்ஸ்மித் இதைச் சொல்கிறார். அவருடைய மற்ற எழுத்துகளையெல்லாம் நான் அதற்கு முன்பே படித்திருந்தேன். ஆனால் இந்த இடத்துக்கு வந்த பிறகு, முன்னால் படித்தவற்றை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இந்தக் கட்டுரை அந்த மறுவாசிப்புதான்.

முதலில் நான் ஏன் இவரிடம் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். பொறியியல் கல்லூரியில் எங்கள் தலைமுறைக்கு இணையம் என்றால் ஒரு மத நம்பிக்கை மாதிரி. எல்லை கிடையாது, அரசாங்கம் கை வைக்க முடியாது, தடுத்தால் சுற்றிக்கொண்டு போகும். 1996இல் ஜான் பெரி பார்லோ டாவோஸிலிருந்து எழுதிய ‘சைபர்வெளி சுதந்திரப் பிரகடனம்’ ஹாஸ்டல் கம்ப்யூட்டர்களில் சுற்றிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு டேவிட் ஜான்சன், டேவிட் போஸ்ட் என்ற இரண்டு சட்ட அறிஞர்கள் இதன் கல்விப்புல வடிவத்தை எழுதினார்கள்: இணையத்துக்கு நிலம் கிடையாது, ஆகவே நிலத்தை வைத்து எழுதிய சட்டம் அதற்குப் பொருந்தாது.

இரண்டு வருடம் கழித்து, 1998இல், சிகாகோ பல்கலைக்கழகச் சட்ட இதழில் கோல்ட்ஸ்மித் எழுதிய பதில் ‘அகெய்ன்ஸ்ட் சைபரனார்க்கி’. வறண்ட கட்டுரை, அடிக்குறிப்புகள் மலைபோல. ஆனால் வாதம் ரொம்ப எளிமையானது. இணையத்தில் நடப்பதும் கடைசியில் ஏதோ ஒரு ஊரில் இருக்கிற ஆள், ஏதோ ஒரு ஊரில் இருக்கிற இன்னொரு ஆளுக்குச் செய்வதுதான். தபாலும் தந்தியும் தொலைபேசியும் இதே சிக்கலைக் கொண்டுவந்தன, சட்டம் சமாளித்தது. இதையும் சமாளிக்கும். எப்படி? நடுவில் இருப்பவர்களைப் பிடித்து. சேவை கொடுக்கும் கம்பெனிக்கு ஒரு கட்டடம் உண்டு, வங்கிக் கணக்கு உண்டு, கைது செய்யக்கூடிய ஊழியர்கள் உண்டு.

படித்தபோது எரிச்சல்தான் வந்தது. வக்கீல் புத்தி என்று நினைத்தேன். அப்புறம் வேலைக்குப் போனேன். ஒரு நாள் என்னிடம் வந்த டிக்கெட்: இந்தப் பட்டியலில் உள்ள நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு இந்தப் பக்கம் தெரியக் கூடாது. ஐ.பி. முகவரியை நாட்டுப் பெயராக மாற்றும் ஒரு லைப்ரரி, ஒரு பட்டியல், ஒரு ‘இஃப்’. டெஸ்ட் எழுதியதையும் சேர்த்து மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. பார்லோவின் எல்லையற்ற வெளியில் ஒரு வேலியை நானே நட்டுவிட்டு கேன்டீனுக்குச் சாப்பிடப் போனேன்.

அதனால் 2006இல் அவர் டிம் வூவோடு சேர்ந்து எழுதிய ‘ஹூ கன்ட்ரோல்ஸ் தி இன்டர்நெட்?’ எனக்குப் பாதி சுயசரிதை மாதிரி இருந்தது. அதில் எனக்குப் பிடித்தது யாஹூ வழக்கு. பிரான்சில் நாஜிச் சின்னங்களை விற்பது குற்றம். யாஹூவின் அமெரிக்க ஏலத் தளத்தில் அவை விற்கப்பட்டன, பாரிஸில் இருந்தபடியே பார்க்கலாம். 2000இல் நீதிபதி ழான் ழாக் கோமெஸ் தடுக்கச் சொல்கிறார். முடியவே முடியாது, இணையத்தில் யார் எங்கிருந்து வருகிறார் என்று எங்களுக்குத் தெரியாது என்கிறது யாஹூ. ஆனால் பிரெஞ்சுக்காரர்களுக்கு யாஹூ பிரெஞ்சு மொழியில் விளம்பரம் காட்டிக்கொண்டிருந்தது! நிபுணர் குழு ஒன்று அமைக்கப்பட்டது, டி.சி.பி. நெறிமுறையை உருவாக்கியவர்களில் ஒருவரான வின்ட் செர்ஃப் அதில் ஒருவர். சுமார் 70 சதவீதப் பிரெஞ்சுப் பயனர்களை ஐ.பி. முகவரி வைத்தே அடையாளம் காணலாம், நாட்டைக் கேட்டுப் பதிலும் வாங்கினால் 90 வரை போகலாம் என்றது குழு. 2001 ஜனவரியில் யாஹூ அந்தப் பொருட்களை எடுத்துவிட்டது.

அந்த 70 சதவீதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்கு நூறு சதவீதம் வேண்டியதில்லை. பொறியாளர்கள் எப்போதும் சறுக்குகிற இடம் இது. ‘வி.பி.என். போட்டால் தாண்டிடலாமே’ என்று சொல்லிவிட்டால் வாதம் முடிந்துவிட்டதாக நினைப்போம். பெரும்பாலானவர்கள் தாண்ட மாட்டார்கள், அது போதும் என்பதுதான் கோல்ட்ஸ்மித் சொல்வது. வேலி உயரமாக இருக்க வேண்டியதில்லை, எரிச்சலூட்டினால் போதும்.

அதே புத்தகத்தில் ஒரு பலவீனமும் உண்டு. அரசின் பலவந்தம் இல்லாமல் ஈபே மாதிரியான ஒன்று வாழ முடியாது என்று காட்டுகிற அத்தியாயம் அபாரமாக இருக்கிறது. நம்பிக்கையை வைத்து ஆரம்பித்த தளம், மோசடிக்காரர்கள் வந்ததும் போலீஸையும் நீதிமன்றத்தையும் தேடிப் போகிறது. சீனா பற்றியும் ஓர் அத்தியாயம் உண்டு. ஆனால் நல்ல அரசு, கெட்ட அரசு என்று இரண்டு டப்பாக்களில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிற தொனி. நல்ல டப்பாவில் இருக்கிற அரசு அந்த இடைத்தரகர்களையே பிடித்து ரகசியமாக என்ன செய்யும் என்ற கேள்வி அங்கே இல்லை. இத்தனைக்கும், புத்தகம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே அந்தக் கேள்வி அவர் மேசையில் கிடந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே பேச அவருக்கு அனுமதி இல்லை.

அந்த மேசையில் நடந்தது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்த கதை. 2004 மார்ச் 10 இரவு. அட்டர்னி ஜெனரல் ஆஷ்கிராஃப்ட் மருத்துவமனையில் கிடக்கிறார். திட்டத்துக்குக் கையெழுத்து வாங்க வெள்ளை மாளிகையிலிருந்து கோன்சாலஸும் கார்டும் வருகிறார்கள். தற்காலிகப் பொறுப்பில் இருந்த கோமியோடு கோல்ட்ஸ்மித்தும் முந்திக்கொண்டு அங்கே போய் நிற்கிறார். ஆஷ்கிராஃப்ட் மறுக்கிறார். நீதித்துறை மேல்மட்டமே ராஜினாமா செய்யும் நிலை வந்ததும் புஷ் பின்வாங்குகிறார். சித்திரவதையை அனுமதித்த 2002 ஆகஸ்ட் குறிப்பாணையையும் அதே ஆண்டு ஜூனில் கோல்ட்ஸ்மித் திரும்பப் பெற்றார், கூடவே ராஜினாமாவும் கொடுத்தார். பதவியில் பத்து மாதம்கூட இல்லை.

நாயகன் கதையாகச் சொல்ல எல்லாம் தயார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், நண்பர்களிடம் அந்த மருத்துவமனைக் காட்சியை நடித்தே காட்டியிருக்கிறேன். ஆனால் என்ன நின்றது, என்ன நிற்கவில்லை என்று பாருங்கள். மின்னஞ்சல் மீதரவை, அதாவது யார் யாருக்கு எப்போது எழுதினார் என்ற தகவலை, மொத்தமாக அள்ளுவது மட்டும் நின்றது. ஜூலையில் ரகசிய உளவு நீதிமன்றத்தின் ஆணை வாங்கி அதுவும் மறுபடி தொடங்கியது. திட்டத்தின் மற்ற பகுதிகளுக்குக் கோல்ட்ஸ்மித்தே 2004 மே 6ஆம் தேதி 108 பக்கத்தில் புதிய சட்ட அடிப்படை எழுதிக் கொடுத்தார். செப்டம்பர் 11க்குப் பிறகு காங்கிரஸ் நிறைவேற்றிய படைபல அனுமதித் தீர்மானமே போதும் என்ற வாதம். பழைய அடிப்படை ஓட்டையாக இருந்தது, இவருடையது கொஞ்சம் உறுதி. கட்டடத்தை இடிக்க வந்தவர் என்று நாம் நினைத்தவர், அஸ்திவாரத்தைச் சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் தன்னைப் பார்க்கிறார். 2007இல் வந்த ‘தி டெரர் பிரசிடென்சி’ முழுக்க அந்த உணர்வுதான்: ஜனாதிபதிக்கு அதிகாரம் தேவை, ஆனால் அதைத் தனியாக எடுத்துக்கொண்டால் நிலைக்காது, காங்கிரஸிடம் கேள், நீதிமன்றத்திடம் கேள், அப்போது இன்னும் பலமாக இருப்பாய். 2012இன் ‘பவர் அண்ட் கன்ஸ்ட்ரெய்ன்ட்’ இதையே விரிக்கிறது. பத்திரிகைகள், வழக்கறிஞர்கள், நீதிமன்றங்கள் எல்லாம் சேர்ந்து ஜனாதிபதியைக் கண்காணித்தன, அதனாலேயே அவர் செய்தவை ஏற்புடையவையாக ஆகின என்கிறார். அடுத்த வருடமே ஸ்னோடன் வந்தார். புத்தகத்துக்கு அதைவிட மோசமான நேரம் அமைந்திருக்க முடியாது.

இங்கேதான் ஒரு சென்னைக்காரனாக எனக்கு உறைத்தது. மருத்துவமனை இரவு, ராஜினாமாக் கடிதங்கள், 108 பக்கம் எல்லாமே ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: அமெரிக்கர்களின் தகவலை எடுக்கலாமா? அந்தச் சண்டையில் நல்லவர் பக்கமும் கெட்டவர் பக்கமும் ஒத்துப்போன ஒரு விஷயம் உண்டு. அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிற வெளிநாட்டுக்காரனின் மின்னஞ்சல் ஒரு சட்டப் பிரச்சினையே இல்லை. கோடாகச் சொன்னால் ஒரு பூலியன்: ‘அமெரிக்க நபரா?’ ஆமாம் என்றால் ஆயிரம் நிபந்தனை. இல்லை என்றால் ஃபங்ஷன் அங்கேயே ரிட்டர்ன். நம்முடைய இன்பாக்ஸ் இருக்கும் சர்வர் அங்கே, நாம் இங்கே. 2013இல் ஒருவர் வெளிநாட்டவர்தான் என்பதில் 51 சதவீத உறுதி இருந்தால் போதும் என்று வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. அப்படி ஒரு கணக்கு இல்லை, எல்லாத் தகவலையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுப்பார்கள் என்று பிறகு விளக்கம் வந்தது. இருக்கட்டும். பாரிஸில் யாஹூவை மடக்க 70 சதவீதம் போதுமாக இருந்தது ஞாபகம் வருகிறது. நான் மத்தியானத்துக்குள் எழுதிய அந்த ‘இஃப்’பும்.

‘எல்லைகள் மறையவில்லை’ என்று 1998இல் கோல்ட்ஸ்மித் சொன்னது முழுச் சரி. ஆனால் எல்லை என்பது யாருக்குச் சட்டம் பொருந்தும் என்று மட்டும் சொல்வதில்லை, யாருக்காக வருத்தப்பட வேண்டியதில்லை என்றும் சொல்கிறது. இரண்டாவதை அவர் எழுதவே இல்லை. அவர் வேறு இடங்களில் காட்டும் நேர்மையை வைத்துப் பார்த்தால் இது கண்ணில் உறுத்துகிறது. உதாரணத்துக்கு 2018இன் ‘தி ஃபெய்லியர் ஆஃப் இன்டர்நெட் ஃப்ரீடம்’ கட்டுரையில், அமெரிக்கா உலகுக்கு ஏற்றுமதி செய்த இணையச் சுதந்திரக் கொள்கை எப்படித் தோற்றது, மற்ற நாடுகள் ஏன் அதைச் சந்தேகத்தோடு பார்த்தன என்று கூச்சமே இல்லாமல் எழுதுகிறார். அங்கேகூட வெளிநாடுகள் வருகின்றன, வெளிநாட்டு ஆள் ஒருவர் வருவதில்லை.

இப்போது அந்த 1967 தீர்ப்புக்குத் திரும்பலாம். சக்கி ஓபிரையன், லாரி ஓட்டுநர் சங்கத் தலைவர் ஜிம்மி ஹாஃபாவின் வலதுகை. 1975 ஜூலை 30 அன்று டெட்ராய்ட் அருகே ஹாஃபா காணாமல் போனார். அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனது சக்கிதான் என்று எஃப்.பி.ஐ. சந்தேகித்தது, சினிமாக்களும் அதையே காட்டின. அதற்குச் சில வாரம் முன்புதான் அவர் ஜாக்கின் அம்மாவைக் கல்யாணம் செய்திருந்தார். பன்னிரண்டு வயது ஜாக்குக்கு அவர்தான் கிடைத்த நல்ல அப்பா, பெயரைக்கூட ஓபிரையன் என்று வைத்துக்கொண்டான். வளர்ந்து சட்டம் படிக்கப் போகும் காலத்தில் பழைய பெயருக்குத் திரும்பினார், பிறகு அப்பாவையும் விட்டார். ஏறக்குறைய இருபது வருடம் பேச்சில்லை.

அரசுப் பதவியை விட்டு வந்த பிறகு மன்னிப்புக் கேட்டு, பல வருடம் உட்கார்ந்து பேசி, சக்கி நிரபராதி என்று நிறுவ எழுதிய புத்தகம் அது. குற்றப் புலனாய்வாக அது பாதிதான் வெல்கிறது. மாஃபியா வழக்கப்படி வாயை மூடப் பழகிய சக்கி சில இடங்களில் கடைசிவரை பேசவே இல்லை. எஃப்.பி.ஐ.யும் அவரை வெளிப்படையாக விடுவிக்கவில்லை. ஆனால் கண்காணிப்பு பற்றிய புத்தகமாக, கோல்ட்ஸ்மித் எழுதியதிலேயே இதுதான் சிறந்தது என்பேன். அறுபதுகளின் மைக்குகள் அந்தக் குடும்பத்தைச் சுற்றியுள்ளவர்களின் அந்தரங்கப் பேச்சை எப்படிப் பொறுக்கின, அப்போதைய அரசு வழக்கறிஞர்கள் அதற்கு என்னென்ன சட்டச் சமாதானம் வைத்திருந்தார்கள் என்று சொல்லும்போது அவர் நடை மாறிவிடுகிறது. 108 பக்கக் குறிப்பாணையில் இருந்தவர்கள் ‘இலக்குகள்’. இங்கே இருப்பவர் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும் ஒரு கிழவர். அதே வேலையைத் தானும் செய்ததை அவர் மறைக்கவில்லை. அந்தப் பக்கங்களில் தன்னைத் தப்பவிட நினைக்காத ஓர் ஆள் தெரிகிறார்.

ஒட்டுக்கேட்கப்படுபவன் ஓர் ஆள் என்று தெரிய அவருக்குத் தன் வீட்டிலேயே ஒருவர் தேவைப்பட்டார். இதைக் குறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அந்த நாட்டுப் பட்டியலை எழுதியபோது எனக்கு அதுவும் தோன்றவில்லை. ஆனால் விமர்சனமாக ஒன்று சொல்லலாம். சக்கிக்குக் கிடைத்த முகம் அந்தப் புத்தகத்தோடு நின்றுவிடுகிறது. தீர்ப்பில் ஓபிரையன் தப்பித்ததற்குக் காரணம் அவர் எல்லைக்கு உள்ளே இருந்தது. அரசே வழக்கில் ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் அங்கே இருந்தது. எல்லைக்கு வெளியே அதே மைக் இருந்திருந்தால்? தன் 1998 கட்டுரையையும் இந்தப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதைக் கேட்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

சக்கி ஓபிரையன் 2020 பிப்ரவரியில் இறந்தார், புத்தகம் வந்து சில மாதங்களில். அதே ஆண்டு கோல்ட்ஸ்மித், பாப் பாவருடன் சேர்ந்து ‘ஆஃப்டர் டிரம்ப்’ வெளியிட்டார். ஜனாதிபதி பதவியைச் சீர்திருத்துவது எப்படி என்பது பற்றியது. மறுபடி அந்த அலுவலகம், அந்தக் குறிப்பாணைகள். வாங்கி வைத்திருக்கிறேன், பாதியில் நிற்கிறது.