பேரன்பும் ஒரு கடிதமும்

ராமின் ‘பேரன்பு’ (2019) வந்தபோது மம்முட்டியைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். நியாயம்தான். மூளை முடக்குவாதம் உள்ள மகள் பாப்பாவைச் சிரிக்கவைக்க ஆடிப்பாடி ஓய்ந்துபோகும் அந்தக் காட்சியில், ஒரு தகப்பனின் களைப்பு நம் உடம்பிலும் ஏறுகிறது.

மணிரத்னத்தின் ‘அஞ்சலி’யில் (1990) குழந்தை கடைசியில் இறந்துவிடும். நாமும் அழுது முடித்து எழுந்துவிடலாம். பாப்பா இறப்பதில்லை; வளர்கிறாள், வயதுக்கு வருகிறாள். நாளைக்கும் யாராவது அவளைக் குளிப்பாட்டணும், நாப்கின் மாற்றணும். இந்த ‘நாளைக்கும்’தான் பெற்றவர்களை உருக்குலைப்பது. படம் அதைச் சரியாகப் பிடித்திருக்கிறது.

என் குறை வேறு. அமுதவன் துபாயில் இருந்த காலமெல்லாம் இதைத் தனியாளாகச் செய்தவள் ஸ்டெல்லா. முடியாமல்தான் விலகிப்போகிறாள். அப்பாவின் பாடு பன்னிரண்டு அத்தியாயங்களாக விரிகிறது. அம்மாவுக்குக் கிடைப்பது ஒரு கடிதம். படம் அவளைத் திட்டவில்லை, சரி. ஆனால் அவள் களைத்த நாள்களைக் காட்டவுமில்லை. ஆண் செய்தால் பேரன்பு, பெண் செய்தால் அன்றாட வேலை என்கிற நம் பழக்கத்தைப் படமும் தாண்டலை.

சிறப்புக் குழந்தைகளின் அம்மாக்களைத் தெய்வம் என்று சொல்லிவிடுகிறோம். தெய்வத்துக்கு ஓய்வு தர வேண்டியதில்லை, பாருங்கள்.